கரித்துண்டும் ஆட்டுக்குட்டியும்: கூட்டாக ஆடு வளர்த்து, வரைந்து, உணவைக் கற்றுக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து மூன்று நான்கு வெள்ளாடு வளர்ப்பது, அதையொட்டி ஓவியம், களிமண் வேலை, சுவர்ப்படம் என்று ஏதாவது செய்வது, அந்தச் சாக்கில் நாம் சாப்பிடுவதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று சின்னவர்களும் பெரியவர்களும் தெரிந்துகொள்வது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படித் தொடங்கும் பல முயற்சிகளில் ஆடு ஒரு பக்கமும் கலை ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும். தழை போடுகிறவர் ஒருவர், சுவரில் பூப்படம் போடுகிறவர் வேறொருவர், இரண்டு பேரும் பேசிக்கொள்வதுகூட இல்லை. எங்கள் குழுவிலும் முதல் சில மாதம் அப்படித்தான் போனது.

அதனால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இதில் கலையை அலங்காரமாக வைக்காதீர்கள். ஆட்டைக் கூர்ந்து பார்க்கிற வேலை, கணக்கு எழுதுகிற வேலை, பேசத் தயங்குகிற விஷயத்தைப் பேச வைக்கிற வேலை, இந்த மூன்றுக்கும் ஓவியம்தான் கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

இது புது யோசனையும் இல்லை. 1974-இல் பானி ஷெர்க் என்ற கலைஞர் சான் பிரான்சிஸ்கோவில் நெடுஞ்சாலைப் பாலங்கள் சந்திக்கும் இடத்துக்கு அடியில் கிடந்த நிலத்தில் தோட்டம், விலங்குகள், சிறுவர்கள், நாடகம் எல்லாம் கலந்த ஒரு பண்ணையைத் தொடங்கினார். 1982-இல் ஆக்னஸ் டெனஸ் நியூயார்க் மன்ஹாட்டனில், கொட்டிக் குவித்த மண்ணின் மேல் 2 ஏக்கர் கோதுமை விதைத்து அறுவடையும் செய்தார். இரண்டிலும் விளைச்சலே கலைப்படைப்பு, பக்கத்தில் தனியாக ஒரு படம் தேவைப்படவில்லை.

படி 1: ஆடு வாங்குவதற்கு முன் ஒரு சக்கரம் வரையுங்கள்

பெரிய தாள் ஒன்றில் வட்டம் போட்டு, அதை 12 மாதமாகப் பிரியுங்கள். ஆட்டின் ஒரு வருடத்தை அதில் எல்லோருமாகச் சேர்ந்து வரைய வேண்டும். சினைக்காலம் சுமார் 150 நாள், அதாவது ஐந்து மாதம். ஒரு ஈற்றில் ஒன்று அல்லது இரண்டு குட்டி சாதாரணம், மூன்றும் உண்டு. இரண்டு மூன்று மாதத்தில் குட்டி பால் மறக்கும். குட்டி போட்டால்தான் பால், பால் வேண்டுமென்றால் குட்டி பிறந்தே ஆக வேண்டும். இந்த இடத்தில்தான் பாதிப் பேர் முதல்முறையாக யோசிக்கிறார்கள், ஏனென்றால் பால் என்பது ஆடு மாடு சும்மாவே கொடுப்பது என்று மனதின் ஓரத்தில் நினைத்திருப்பார்கள்.

பிறக்கும் குட்டிகளில் ஏறக்குறைய பாதி கிடா. சக்கரத்தில் கிடாக்குட்டிக்கும் ஒரு அம்புக்குறி போட வேண்டும், அந்த அம்பு எங்கே போகிறது என்று எழுத வேண்டும். அங்கே வந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பரவாயில்லை, பார்க்கட்டும். விற்பதா, இறைச்சிக்கா, காயடித்து வைத்துக்கொள்வதா, இல்லை முதலில் இனப்பெருக்கமே வேண்டாமா? முடிவு எதுவானாலும் ஆடு வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். குட்டிக்குப் பெயர் வைத்து மடியில் போட்டுக் கொஞ்சிய பிறகு எடுக்கிற முடிவு குழுவை உடைத்துவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

அதே கூட்டத்தில் இன்னும் இரண்டு விஷயம். குடியிருப்புப் பகுதியில் ஆடு வளர்க்க அனுமதி உண்டா, எத்தனை வளர்க்கலாம், பதிவு வேண்டுமா என்று உள்ளாட்சி அலுவலகத்திலும் கால்நடைத் துறையிலும் கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். அடுத்தது முறைப் பட்டியல். ஆட்டுக்கு ஞாயிறு, பண்டிகை, தேர்வு எதுவும் கிடையாது, காலையும் மாலையும் ஒருவர் வந்தே ஆக வேண்டும். பதினைந்து பேர் கை தூக்குவார்கள், மூன்றாம் மாதம் ஆறு பேர் வருவார்கள். அந்த ஆறு பேரை வைத்துத்தான் ஆட்டின் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும்.

படி 2: கொட்டில், வேலி, சுவர்

வளர்ந்த ஆடு ஒன்றுக்கு கூரைக்கடியில் 1 முதல் 1.5 சதுர மீட்டர், திறந்தவெளியில் குறைந்தது அதைப் போல இரண்டு மடங்கு. ஆடு குளிரைக்கூடத் தாங்கிக்கொள்ளும், ஈரத் தரையைத் தாங்காது, அதனால் தரை காய்ந்திருக்க வேண்டும் என்பதுதான் முதல் விதி. காற்றோட்டம் சரியா என்று பார்க்க எளிய வழி, கொட்டிலுக்குள் குந்தி உட்கார்ந்து ஆட்டின் மூக்கு உயரத்தில் மூச்சு இழுத்துப் பாருங்கள். மூத்திர நெடி கண்ணைக் கரித்தால் ஆட்டின் நுரையீரலுக்கும் அதே கதிதான்.

வேலி 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது. கம்பி வலையின் கண் அகலம் கொம்பு உள்ளே போய் மாட்டிக்கொள்கிற அளவில் இருக்கக் கூடாது. தாழ்ப்பாள் விஷயத்தில் ஆட்டைக் குறைத்து எடை போடாதீர்கள், உதட்டால் தள்ளித் திறக்கும். கொக்கியோடு ஒரு பூட்டும் இருக்கட்டும்.

இப்போது கலைக்காரர்களின் முதல் வேலை. சுவரில் என்ன பூசப்போகிறீர்கள்? ஆடு சுவரை நக்கும், சுரண்டும், உரியும் பெயிண்டைக் கடித்துப் பார்க்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், ஈயம் ஆட்டுக்கும் நஞ்சு, அதன் பாலைக் குடிக்கிறவருக்கும் நஞ்சு. பழைய கட்டடத்தில் பெயிண்ட் உரிந்துகொண்டிருந்தால் அந்தச் சுவர் ஆட்டுக்கு எட்டக் கூடாது. புதிதாகப் பூசுவது சுண்ணாம்பாக இருக்கட்டும், வண்ணத்துக்குச் செம்மண், மஞ்சள் காவி, கரித்தூள் போதும். ஈரச் சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் பொசுக்கும், ஆகவே கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பெரியவர்கள் பூச வேண்டும், நன்றாகக் காய்ந்த பிறகே ஆட்டை உள்ளே விட வேண்டும்.

திறந்தவெளியில் ஆடு ஏறி நிற்க மேடு வேண்டும். கட்டைகள், பாறைகள், பழைய மரப்பெட்டிகள் கொண்டு ஒரு சிற்பம் செய்து வையுங்கள். கால் இடுக்கில் சிக்கக் கூடாது, வழுக்கக் கூடாது, வேலிக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது (அதன் மேல் ஏறி வேலியைத் தாண்டிவிடும்). எங்களிடம் ஒருவர் மெனக்கெட்டுச் செய்த வளைவான கோபுரத்தை ஆடுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அது வந்து இறங்கிய மரப்பெட்டியின் மேல்தான் நாள் முழுக்க நின்றன.

படி 3: ஆடு தேர்ந்தெடுப்பது

ஒற்றை ஆடு வாங்கவே வாங்காதீர்கள். அது மந்தை விலங்கு, தனியாக இருந்தால் கத்திக்கொண்டே இருக்கும், தீனியும் சரியாக எடுக்காது. பால் மறந்த இரண்டு மூன்று பெட்டைக் குட்டிகள், அல்லது காயடித்த கிடாக்கள், தொடங்க இதுவே போதும். முதல் வருடம் பாலும் வேண்டாம், ஈற்றும் வேண்டாம். முழுக் கிடாவை வைத்துக்கொள்வது புதியவர்கள் வேலை இல்லை, அதன் வாடையே அக்கம்பக்கத்தாரோடு சண்டை இழுத்துவிடும்.

வாங்கும்போது கண் பளிச்சென்று இருக்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா, பின்புறத்தில் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா, நடையில் நொண்டல் உண்டா என்று பாருங்கள். வயதைப் பல்லில் பார்க்கலாம். கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் 8 பால்பற்கள் இருக்கும், சுமார் ஒரு வயதில் நடு இரண்டும் விழுந்து பெரிய பல் முளைக்கும், அதற்குப் பிறகு ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு ஜோடி. நான்கு ஜோடியும் பெரிய பல்லாகிவிட்டால் நான்கு வயதை ஒட்டியது. புது ஆட்டை ஏற்கெனவே உள்ளவற்றோடு உடனே சேர்க்காமல் மூன்று நான்கு வாரம் தள்ளி வையுங்கள்.

படி 4: முதல் மாதம், வரைவது மட்டும்

இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை, ஆனால் மற்ற எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது. முறைக்கு வருகிற ஒவ்வொருவரும் தினம் பத்து நிமிடம் உட்கார்ந்து ஆட்டை வரைய வேண்டும். வரையத் தெரியாது என்று சொல்கிறவர்தான் எங்களுக்கு முக்கியம், ஏனென்றால் அவர் மனதில் இருக்கிற ஆட்டை அப்படியே வரைவார், எதிரில் நிற்பது வேறு ஆடு என்பதை அந்தத் தாளே காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் நாள் யாரிடம் கொடுத்தாலும் வாயில் மேலும் கீழும் பல் வரைவார்கள். ஆட்டுக்கு மேல் முன்பல்லே கிடையாது, தடித்த ஈறு மட்டும்தான். கண்மணியை வட்டமாகப் போடுவார்கள், உண்மையில் அது படுக்கைக்கோடு, தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ சுற்றுப்புறம் முழுவதையும் பார்க்க உதவுவது. அசைபோடும்போது தாடை மேலும் கீழும் போகாமல் பக்கவாட்டில் அரைக்கும். உடம்பு குழாய் மாதிரி இல்லை, கூடை மாதிரி, அதிலும் இடது பக்கம் புடைப்பு அதிகம், காரணம் நான்கு அறை கொண்ட வயிற்றின் மிகப் பெரிய அறை அந்தப் பக்கம் இருக்கிறது. பிக்காசோ 1950-இல் செய்த ஆட்டுச் சிற்பத்தில் விலா எலும்புக்கு ஒரு பழைய பிரம்புக் கூடையையும் மடிக்கு மண்பாண்டங்களையும் வைத்தார். அதைப் போலக் குப்பையில் கிடைப்பதை வைத்து ஒரு ஆடு செய்து பார்க்கச் சொல்லுங்கள், எந்தப் பொருள் எந்த உறுப்புக்கு என்று விவாதிக்கும்போதே பாதி உடற்கூறு தெரிந்துவிடும்.

அப்புறம் தாளின் ஓரத்தில் எண்களும் எழுதப் பழக்குங்கள். இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் மடக்கிய கையை மெதுவாக அழுத்தி வைத்தால் வயிறு அசைவது தெரியும், நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை. உடல் வெப்பம் சுமார் 38.5 முதல் 39.7 டிகிரி செல்சியஸ். நலமாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் நோய் வரும்போது கண்ணில் படும். எங்கள் குழுவில் ஒரு சிறுமி தொடர்ந்து இரண்டு நாள் ஒரே ஆட்டைக் காது தொங்கி, மற்றவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதாக வரைந்திருந்தாள். படம் நன்றாக இல்லை என்று யாரோ சொன்னார்கள். மூன்றாம் நாள் வெப்பமானி வைத்துப் பார்த்தபோது காய்ச்சல்.

(தாள்களை 2 மீட்டருக்கு மேல் மாட்டுங்கள். பின்னங்காலில் எழுந்து நின்று எடுத்துத் தின்றுவிடும்.)

படி 5: தீனி, தழை, கரித்துண்டு

வெள்ளாடு புல் மேய்வதைவிடத் தழை கடிப்பதைத்தான் விரும்பும். நாளுக்கு அதன் உடல் எடையில் 3 முதல் 4 சதவீதம் உலர்பொருள் (தண்ணீரைக் கழித்த தீனி) தேவை. 30 கிலோ ஆட்டுக்கு ஏறக்குறைய 1 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். பசுந்தீவனத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான் என்பதால், பசுந்தழை மட்டும் போட்டால் 5 கிலோ வேண்டும். பாதியை உலர்தீவனமாகக் கொடுத்தால் எவ்வளவு என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். தண்ணீர் நாளுக்கு நான்கைந்து லிட்டர், வெயிலிலும் பால் கறக்கும்போதும் அதற்கு மேலே. தாது உப்புக் கட்டி ஒன்று எப்போதும் தொங்கட்டும்.

தீனியை மாற்றுவதென்றால் ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். திடீரென்று தானியமோ ரொட்டியோ நிறையத் தின்றால் வயிறு புளித்து உப்பி ஆடு செத்தும் போகலாம். பார்க்க வருகிறவர்கள் ஆசையாகக் கையில் கொண்டுவருவதை எல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சுற்றுவட்டாரச் செடிகள் ஒவ்வொன்றையும் இலை அச்சாக எடுத்து மூன்று வரிசையாகச் சுவரில் ஒட்டுங்கள்: விரும்பித் தின்பது, தொடாதது, கொடுக்கவே கூடாதது. மூன்றாவது வரிசையைக் கால்நடை மருத்துவரிடமோ செடிகளைத் தெரிந்தவரிடமோ காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அரளி, ரோடோடென்ட்ரான் என்ற பூப்புதர், யூ என்ற ஊசியிலை மரம் மூன்றும் கொல்லும், வெட்டிப்போட்ட கிளைகூட ஆபத்து.

தழையைத் தரையில் கொட்டாமல் கட்டித் தொங்கவிடுங்கள். குடற்புழுவின் குஞ்சுகள் புல்லின் கீழ் 10 சென்டிமீட்டரில்தான் பெரும்பாலும் இருக்கும், தலை உயரத்தில் தின்கிற ஆட்டுக்குப் புழுத் தொல்லை குறைவு. ரத்தம் உறிஞ்சும் புழு ஒன்று உண்டு, அது ஏறினால் கீழ் இமையின் உள்பக்கம் சிவப்பிலிருந்து வெளுத்துக்கொண்டே போகும். தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவர் ஃபிரான்சுவா மலான் பெயரால் வழங்கும் ஃபமாச்சா அட்டையில் இதற்கு 1 முதல் 5 வரை நிறம் கொடுத்திருப்பார்கள். 1 என்றால் நல்ல சிவப்பு, 5 என்றால் வெள்ளை, அதாவது கடும் ரத்தசோகை. சோதிக்க அசல் அட்டையைத்தான் பயன்படுத்த வேண்டும், ஆனால் கண்ணைப் பழக்க, அந்த ஐந்து நிறத்தையும் ஒவ்வொருவரும் வண்ணம் கலந்து கொண்டுவர முயலட்டும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கலந்து பார்த்தவர் கொட்டிலில் அதைத் தவறவிடுவதில்லை. வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுப்பதால் புழுக்கள் மருந்துக்குப் பழகிப்போவதும் தள்ளிப்போகிறது.

இலையையும் பட்டையையும் ஆடு உரித்துத் தின்ற பிறகு வெறும் குச்சி மிஞ்சும் இல்லையா, அதை எறியாதீர்கள். விரல் கனத்துக்கும் மெல்லியதாகப் பார்த்து எடுத்து நன்றாகக் காயவைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் நெருக்கமாக அடுக்கி, மூடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டு நெருப்பில் வையுங்கள். ஓட்டையிலிருந்து புகை வருவது நின்றதும், சுமார் ஒரு மணி நேரத்தில், எடுத்துவிடலாம். முழுக்க ஆறும்வரை திறக்காதீர்கள், காற்று பட்டால் பற்றிக்கொள்ளும். உள்ளே இருப்பது அருமையான வரைகரி. ஆடு தின்று மிச்சம் வைத்த குச்சியால் அந்த ஆட்டையே வரைகிறீர்கள். புழுக்கையை மக்க வைத்து அடுத்த தழைக்கு எருவாகப் போடுங்கள், அந்தப் பாத்தியைச் சிறுவர்கள் பொறுப்பில் விடலாம்.

படி 6: மருத்துவரும் சோப்பும்

இதை நீட்ட வேண்டியதில்லை. ஆடு வருவதற்கு முன்பே ஒரு கால்நடை மருத்துவரோடு பேசி வையுங்கள். துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி போன்ற நோய்களுக்குத் தடுப்பூசி உண்டு, எது எப்போது என்பது இடத்துக்கு இடம் மாறும், அவர் சொல்வதே அட்டவணை. குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து வெட்ட வேண்டும். ஆட்டைத் தொட்டவர் எல்லோரும் சோப்பு போட்டுக் கை கழுவியே வெளியேற வேண்டும், ஓவியத் தாளைத் தொடுவதும் அதற்குப் பிறகுதான். கொட்டிலுக்குள் யாரும் எதுவும் சாப்பிடக் கூடாது. கர்ப்பிணிகள் ஆடு ஈனும் இடத்தின் பக்கமே வரக் கூடாது, நஞ்சுக்கொடி வழியாகப் பரவும் நோய்கள் வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கும்.

படி 7: இரண்டாம் வருடம், குட்டியும் பாலும்

பெட்டை அதன் முழு எடையில் மூன்றில் இரண்டு பங்காவது வளர்ந்த பிறகு சினைக்கு விடலாம். சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், வாலை ஆட்டிக்கொண்டு கத்தித் தீர்க்கும். முதல் ஈற்றுக்கு அனுபவம் உள்ள ஒருவர் கூடவே இருக்க ஏற்பாடு செய்யுங்கள், படத்தைப் பார்த்துக் கற்கிற விஷயம் இல்லை இது. குட்டி பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும், முதல் நாள் முழுக்க அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3 கிலோ குட்டிக்கு 300 மில்லி. நோய் எதிர்ப்புச் சக்தி அதற்கு அந்தப் பாலில்தான் கிடைக்கிறது. கிடாக்குட்டி மூன்று நான்கு மாதத்திலேயே சினைப்படுத்தும் நிலைக்கு வந்துவிடும், காயடிக்காவிட்டால் அதற்குள் பிரித்து வையுங்கள்.

பாலைப் பச்சையாகக் குடிக்க வேண்டாம். 63 டிகிரியில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி, அல்லது நேராகக் கொதிக்கவே வைத்துவிடுங்கள். ஆட்டுப்பால் பசும்பாலைவிட வெளுப்பாக இருக்கும், ஏனென்றால் தழையில் உள்ள மஞ்சள் நிறமியை ஆடு உடம்புக்குள்ளேயே வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது. இரண்டு கிண்ணத்தையும் பக்கத்தில் வைத்து இரண்டு வெள்ளையையும் வண்ணத்தில் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள், அரை நாள் போய்விடும்.

புளித்துப்போன பால் இருந்தால் சுவர்வண்ணம் செய்யலாம். எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து, வடிகட்டி, திரட்டை இரண்டு முறை தண்ணீரில் அலசி, திரட்டு 5 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு விழுது 1 பங்கு சேர்த்து அரைத்தால் பசை மாதிரி ஆகும். கொஞ்சம் தண்ணீரும் காவிப் பொடியும் கலந்தால் வண்ணம் தயார். கொழுப்பு அதிகமிருந்தால் சரியாகப் பிடிக்காது, ஆடை எடுத்த பால் நல்லது. அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள், மறுநாள் நாறும். சுண்ணாம்பு சேர்க்கிற கட்டத்தைப் பெரியவர்கள் மட்டும் செய்ய வேண்டும்.

படி 8: இறைச்சி என்று முடிவு செய்திருந்தால்

சிறுவர்களிடம் பொய் சொல்லாதீர்கள். வேறு பண்ணைக்குப் போய்விட்டது என்ற கதையை அவர்கள் நம்புவதும் இல்லை. சக்கரத்தில் அந்த அம்பு முதல் நாளிலிருந்தே இருக்கிறது, அதைக் காட்டிச் சொல்லுங்கள். அனுமதி உள்ள இடத்தில், தெரிந்தவர் கையால்தான் அறுக்க வேண்டும், அன்று வர விரும்பாதவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. அதற்கு முந்தைய வாரம் எல்லோரும் அந்த ஆட்டை ஒருமுறை வரையட்டும். எடை எவ்வளவு இருந்தது, இறைச்சி எவ்வளவு வந்தது, அதுவரை எத்தனை கிலோ தழை தின்றது என்ற மூன்று எண்ணையும் படத்தின் கீழே எழுதுங்கள். தோலை வீணாக்க வேண்டாம், தாளுக்கு முந்தைய காலத்தில் எழுதவும் வரையவும் ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி வைத்திருந்தார்கள். சாப்பிடுவதும் சாப்பிடாததும் அவரவர் விருப்பம். எங்கள் குழுவில் இரண்டு பேர் அன்றிலிருந்து இறைச்சியை விட்டுவிட்டார்கள், ஒருவர் பல வருடம் கழித்து மறுபடி சாப்பிடத் தொடங்கினார்.

படி 9: மற்றவர்களுக்குக் காட்டுவது

நல்ல படமாகப் பொறுக்கிச் சட்டம் போட்டு மாட்டாதீர்கள். நீளத் தாளில் 365 கட்டம் போட்டு, தினம் ஒரு கட்டமாக அன்று வரைந்தது, எடை, தீனி, கறந்த பால், இமை நிறம், நோய், பிறப்பு, இறப்பு எல்லாம் வரிசையாக வரட்டும். ஒரு கட்டத்துக்கு ஒரு கை அகலம் வைத்தால் மொத்தச் சுருள் 30 மீட்டருக்கு மேல் போகும், பார்க்கிறவர் அதன் கூடவே நடந்து போக வேண்டியிருக்கும். செத்துப்போன குட்டியின் கட்டத்தையும் எடுத்துவிடாதீர்கள்.

காலியான கட்டங்களும் இருக்கும், யாரும் வராத நாட்கள், வந்தும் வரையாமல் போன நாட்கள். கடைசி வாரத்தில் உட்கார்ந்து அவற்றை நினைவிலிருந்து நிரப்பலாம் என்று யாராவது சொல்வார்கள், விடாதீர்கள், காலியாகவே இருக்கட்டும். எங்கள் முதல் சுருளில் அப்படி 41 கட்டம். எந்தக் கிழமையில், எந்த மாதத்தில் அவை கொத்தாக விழுந்திருக்கின்றன என்று பார்த்துத்தான் அடுத்த வருடத்தின் முறைப் பட்டியலைப் போட்டோம்.